அலமாரியில் ஒரு சக்களத்தி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக் கூடத்தில், அலமாரியின் மேல்தட்டில், ஒரு விஸ்கி பாட்டில் இருந்தது. எல்லாக் கடையிலும் கிடைக்கிற சரக்கல்ல. வாற்கோதுமையை மட்டுமே கொண்டு ஒரே ஆலையில் வடித்து, முப்பது வருஷம் மரப் பீப்பாய்க்குள் உறங்கவைத்த சிங்கிள் மால்ட். அந்த ஆலையை இழுத்து மூடியே பல காலமாகிவிட்டது. பாத்திரங்களைப் பழைய உலோகத்துக்கு எடைபோட்டு விற்றுவிட்டார்கள். இனி அங்கிருந்து ஒரு சொட்டுகூட வரப்போவதில்லை. அங்கே பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்த அவருடைய அண்ணன், கடைசி நாளில் தனக்குக் கிடைத்த பாட்டிலைத் தம்பியிடம் கொண்டுவந்து கொடுத்தார். "எனக்கு டாக்டர் தடா போட்டுட்டார். நல்ல நாளா பார்த்து நீ குடிடா."

நல்ல நாட்களுக்குப் பஞ்சமில்லை. கடை சொந்தமானது. மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பேரன் பிறந்தான். ஒவ்வொரு முறையும் பாட்டிலை எடுப்பார், வெளிச்சத்தில் பிடித்து அந்தத் தேன் நிறத்தைப் பார்ப்பார், இதைவிடப் பெரிய நாள் ஒன்று வருமென்று திரும்ப வைத்துவிடுவார். லென்ஸ் துடைக்கிற மெல்லிய துணியால்தான் அதைத் துடைப்பார். மனைவிக்கு அது பாதி வேடிக்கை, பாதி எரிச்சல்.

"என் முகத்தை என்னைக்காவது இப்படிப் பார்த்திருக்கீங்களா? சக்களத்தியைக் கொண்டாந்து நடுவீட்டுல வச்சுட்டீங்க" என்பாள். வருகிறவர்களுக்கும் பாட்டிலை அப்படித்தான் அறிமுகம் செய்துவைப்பாள்.

ஒரு முற்பகல், கடையில் ஒருவருக்கு பிரேம் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பக்கத்து வீட்டு டிரைவரம்மா. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அன்று அவளுக்கு வார ஓய்வு.

"அண்ணா, பதறாம கேளுங்க. அக்கா சமையலறையில விழுந்துட்டாங்க. ஆம்புலன்ஸ்ல போய்க்கிட்டிருக்கோம். நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

வந்திருந்தவர் மூக்கில் பிரேம் மாட்டியபடி இருக்க, கடைக்காரர் அப்படியே எழுந்து ஓடினார்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். "சரியான நேரத்துல கொண்டாந்தாங்க. மருந்து வேலை செய்யுது. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்."

வெளியே பெஞ்சில் டிரைவரம்மா முழங்கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவர் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளோ திருதிருவென்று விழித்தாள்.

"உங்க பால்கனியிலேர்ந்து தண்ணி வழிஞ்சிக்கிட்டே இருந்துச்சுண்ணா. அக்கா குழாயை அப்படி விடுறவங்க இல்லையே. கூப்பிட்டேன், கதவைத் தட்டினேன், சத்தமே இல்ல. ரெண்டு பால்கனிக்கும் நடுவுல இருக்கிற சுவரைத் தாண்டிக் குதிச்சு ஜன்னலை உடைச்சேன். அதுக்குப் பின்னால அந்த அலமாரி. ஒரே தள்ளா தள்ளிட்டேன். அதுல..." தலையைக் குனிந்துகொண்டாள். "சக்களத்தி சுக்குநூறாயிட்டாண்ணா. மன்னிச்சிடுங்க."

அவள் எதைச் சொல்கிறாள் என்றே அவருக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் அழுகையானது.

"எங்க வீட்டுக்காரியைக் காப்பாத்திக் கொடுத்துட்டு மன்னிப்பு வேற கேக்குறியேம்மா! நீ வீட்டையே இடிச்சிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

மாலையில் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்ததும் மணம் வந்து முகத்தில் மோதியது. உலர்ந்த திராட்சை, நனைந்த மரம், எங்கோ எரியும் விறகின் புகை. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அதன் வாசனை இன்னதென்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே கால் பார்த்து வைத்து நின்று, நெஞ்சு நிறைய இழுத்தார். வருத்தம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தார். வரவில்லை. வீடு மணக்கிறது, மனைவி மூச்சுவிடுகிறாள், அது போதுமென்றிருந்தது.

அண்ணனுக்குப் போன் செய்யத்தான் தயக்கம். அண்ணன் கேள்வியெல்லாம் தம்பி மனைவியைப் பற்றியே இருந்தது. என்ன சாப்பிட்டாள், கை அசைகிறதா, உன்னை அடையாளம் தெரிகிறதா? இவர் மெல்லப் பாட்டில் பேச்சை எடுத்தார்.

"எந்தப் பாட்டில்?" என்றார் அண்ணன்.

மனைவி வீடு திரும்பினாள். வலது கை இன்னும் சொன்னபேச்சுக் கேட்கவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து வந்தன. கூடத்தில் நின்று வாசனையை மோந்து பார்த்தாள். வெற்றுத் தட்டைப் பார்த்தாள்.

"சக்...களத்தி... எங்கங்க?"

"ஓடிப்போயிட்டா."

அவள் ஒரு பக்க வாயால் சிரித்தாள். அன்று அவர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "போதும்" என்று அவள்தான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டிரைவரம்மா ஒரு பையோடு வந்தாள். அதே விஸ்கி வாங்கித்தர ஏறாத கடையில்லையாம். "அந்த ஆலையே இப்ப இல்லையாமேண்ணா? கடைக்காரர் என்னைப் பார்த்து அப்படிச் சிரிக்கிறார்!" பைக்குள் சாதாரண விஸ்கி ஒன்று இருந்தது.

அவர் நின்ற நிலையிலேயே மூடியைத் திருகித் திறந்தார். டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். தொண்டையைப் பிராண்டிக்கொண்டு இறங்கியது. கண்ணில் நீர் வரும்வரை இருமினார்.

"எப்படியிருக்குண்ணா?" என்று கவலையாகக் கேட்டாள் டிரைவரம்மா.

"பிரமாதம்" என்று சொல்லி இன்னொரு வாய் குடித்தார். பொய் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து மனைவிக்குக் கைப்பயிற்சி. மருத்துவமனை வழியாகப் போகும் பேருந்தை டிரைவரம்மாவே ஓட்டிக்கொண்டு வந்தாள். நிறுத்தத்தில் வண்டியை நிதானமாக நிறுத்தி, இருவரும் ஏறி உட்காரும்வரை காத்திருந்தாள். பின்னாலிருந்து ஒருவர் "என்னம்மா, வண்டி போகுமா போகாதா?" என்று சத்தம் போட்டார்.

"அக்கா உக்காரட்டும், போகும்" என்றாள் அவள், கண்ணாடியில் பார்த்தபடி.

மனைவி இடது கையால் வலது கையைத் தூக்கி, முன் இருக்கைக் கம்பியில் வைத்தாள். விரல்கள் மெதுவாக மடங்கிக் கம்பியைப் பிடித்தன. அவர் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது.