டப்பா விற்பனைக்கு

ஏமாந்தவர்களின் புகாரைக் கேட்டு எழுதிக்கொள்வது என் வேலை. ஒரு வங்கியின் பின்பக்க அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அழுகையைக் கேட்கிறேன். அதனால் என் அக்கா இணையத்தில் நாய்க்குட்டி தேடுகிறாள் என்று தெரிந்ததும் படித்துப் படித்துச் சொன்னேன். நேரில் பார்க்காமல் முன்பணம் கட்டாதே. வீடியோ அழைப்பில் குட்டியைக் காட்டச் சொல், மழுப்பினால் அவனிடம் குட்டியே இல்லை. கூண்டுக்கு, ஊசிக்கு, வண்டிக்கு என்று தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தால் பேச்சையே நிறுத்திவிடு. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் எதையும் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு மதியம் போனை என்னிடம் நீட்டி, "இது யாருன்னு பாருடா" என்றாள்.

விளம்பரத்தில் இருந்தது டப்பா. அக்காவின் மகன் வாண்டு பள்ளிக்கூடம் போகிற காலத்தில் தூக்கிவந்து வளர்த்த நாய். கண்டதையும் விழுங்கியதால் அந்தப் பெயர். அது வயதாகிச் செத்து வெகுநாளாகிறது. வாண்டும் போன வருடம் பைக் விபத்தில் போய்விட்டான். படத்தில் டப்பா குட்டியாக, அக்கா வீட்டுப் பழைய சோபாவில் உட்கார்ந்திருந்தது. வாண்டு எப்போதோ இணையத்தில் போட்டதை எவனோ சுட்டு வைத்திருக்கிறான், அவ்வளவுதான் விஷயம்.

திருட்டுப் பயல் என்று திட்டிக்கொண்டே மூடப் போனேன். விரல் பட்டு வீடியோ ஓடியது.

"டப்பா, இறங்குடா. அம்மா பார்த்தா நம்ம ரெண்டு பேருக்கும் விழும்."

வாண்டுவின் குரல். பின்னாலேயே அவன் சிரிப்பு. விபத்தில் அவன் போன் நொறுங்கிவிட்டது, இணையத்தில் வைத்திருந்த பக்கத்தையும் அதற்கு முன்பே மூடியிருந்தான். எங்களிடம் அவன் படங்கள் கட்டுக்கட்டாக இருந்தன, குரல் மட்டும் எங்கேயும் இல்லை. அது இந்த அயோக்கியனிடம் இருந்தது.

அன்றே அக்கா முன்பணம் அனுப்பினாள். பிறகு கூண்டுக்குக் கேட்டான், ஊசிக்குக் கேட்டான், நான் சொல்லிக்கொடுத்தது போலவே வரிசை பிசகாமல் கேட்டான். ஒவ்வொரு முறையும் பணம் போனது. குட்டி நலமாக இருக்கிறது என்று பதிலுக்கு வாண்டுவின் குரலோடு இன்னொரு பழைய வீடியோ வந்தது. நான் கத்தித் தீர்த்தேன்.

"அவன் ஏமாத்தறான்னு எனக்குத் தெரியாதாடா? நான் நாய்க்கா பணம் கட்டறேன்?" என்றாள் அக்கா.

மாமா, அதாவது அவள் கணவர், காது கேட்கும் கருவி பொருத்துகிறவர். அவர் கடைக்குள்ளே சோதனைக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. சுவரெல்லாம் பஞ்சு, கதவைச் சாத்தினால் நம் எச்சிலை நாம் விழுங்குவது கேட்கும். அங்கே உட்கார்ந்து அந்த வீடியோக்களிலிருந்து மின்விசிறி, குரைப்பு, தெரு ஹாரன் எல்லாவற்றையும் கணினியில் சலித்தெடுத்து, மகனின் குரலை மட்டும் மிச்சம் வைத்தார். இரைச்சல் என்றாலே அவருக்கு ஆகாது, தொழில் அப்படி. அதோடு விட்டிருக்கலாம். சுத்தமாக்கிய குரலை அந்த விற்கிறவனுக்கே அனுப்பி, எங்கள் மகனின் இந்தக் குரல் இன்னும் இருந்தால் கொடு, படத்தில் குட்டி தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதிவிட்டார். எங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது அதுவரை அவனுக்குத் தெரியாது.

கொஞ்ச நாள் அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒன்று வந்தது. படம் கிடையாது, ஒலி மட்டும். மாமா எங்களை அந்த அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஓடவிட்டார்.

"அம்மா, டப்பா என்கூடத்தான் இருக்கு. ரெண்டு பேரும் வந்துடறோம். வண்டிக்கு மட்டும் அனுப்பும்மா."

அவனுடைய இழுவை, அவனுடைய சிரிப்பு. ஆனால் அவன் உயிரோடு இருந்தபோது சொல்லவே சொல்லாத பேச்சு. இருக்கிற குரலை வைத்துக் கணினியில் புதுப் பேச்சு செய்துவிடுகிறார்கள், என் மேசைக்கே அப்படிப் புகார்கள் வந்திருக்கின்றன. எல்லாம் தெரிந்தும் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

மாமா திரும்பவும் போட்டுக் கேட்டார். "மூச்சே இல்ல மச்சான்" என்றார். "வார்த்தைக்கு நடுவுல அவன் மூச்சே விடல." பிறகு, "அந்த மூச்சையும் இரைச்சலோட சேர்த்து நான்தான் எடுத்துட்டேன்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அக்கா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. போன் மேல் குனிந்து நிதானமாக ஏதோ தட்டினாள். எட்டிப் பார்த்தேன்.

"சாப்பிட்டியாப்பா?"

அனுப்பியும்விட்டாள். போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அதற்குள் மறுபக்கத்தில் பதில் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, என்ன வரப்போகிறது என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.