கதவுக்கு வெளியே வைக்க வேண்டியவை

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள்: ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த பிரேக்கம்மா; லிஃப்ட் மெக்கானிக்கான அவளுடைய புருஷன், லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருப்பதற்காக எல்லோரிடமும் கேலி வாங்குகிறவன்; மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள்; பிரேக்கம்மாவின் அக்கா, மகளுக்குப் பெரியம்மா, அதனால் அந்தக் கட்டடத்துக்கே பெரியம்மா; ஊசி போட வந்த நர்ஸ். சாவும் வந்திருந்தது. ஆனால் அதற்கு உள்ளே வர அனுமதி இல்லை. செருப்புகளோடு வெளியே நின்றது.

பிரேக்கம்மா என்பது அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் வைத்த பெயர். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவன் பதறி எதன் மேலாவது போய் மோதப் பார்க்கும்போது அவள் சத்தம் போடமாட்டாள், ஸ்டியரிங்கைப் பிடுங்கமாட்டாள். காலை மட்டும் அழுத்துவாள். வண்டி நின்றதும், "இப்ப மூச்சு விடு. மறுபடி கிளப்பு" என்பாள். வருஷக்கணக்கில் அழுத்திய கால் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. டிவியில் யாராவது மலைப்பாதையில் வேகமாகப் போனால் சோபாவில் இருந்தபடியே தரையை மிதிப்பாள்.

வயிற்றில் இருந்தது ஈரலுக்கும் போய்விட்டது, இனி மருந்து வலிக்கு மட்டும்தான் என்று டாக்டர் சொன்ன அன்று அவள் தன் காலிலேயே மூன்று மாடி ஏறி வந்தாள். கதவுக்கு முன்னால் நின்றாள். புருஷனும் மகளும் பின்னால் நின்றார்கள். சாவி அவள் கையில் இருந்தது. திறக்கவில்லை.

"அழறதா இருந்தா ரெண்டு பேரும் இங்கயே அழுதுட்டு வாங்க" என்றாள். "உள்ள போயிட்டா அன்னன்னிக்கு உள்ள நல்லது மட்டும்தான். நாளைக்குங்கிற பேச்சே கிடையாது. இன்னிக்கு என்ன பண்ணலாம், அதைச் சொல்லுங்க."

மகள் அங்கேயே அழுதாள். அவன் மின்சார மீட்டர் பெட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள், சிக்னலில் நிற்பதுபோல. பிறகு கதவைத் திறந்தாள்.

இதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான். மறுநாள் காலை கண் விழித்ததும் கேட்டாள்: "இன்னிக்கு என்ன பண்ணலாம்?" அன்றைக்குக் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். அடுத்து ஒரு நாள் சமையலறை அலமாரிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் அவன் மூக்கில் ஒட்டி வாரம் முழுக்கப் போகவில்லை. லிஃப்ட் கம்பெனியில் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு நாள் அவனுக்கு விசில் அடிக்கக் கற்றுக்கொடுத்தாள். வலி அதிகமான நாட்களில் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்து வண்டிகளுக்கு மார்க் போட்டாள். "வெள்ளை வண்டி ஃபெயில். அந்தக் கிழவர் பாஸ், ஆனா இண்டிகேட்டர் அவர் பொண்டாட்டி சொல்லித்தான் போடறார்."

அவை நல்ல நாட்கள். அதைச் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வேலை முடிந்து ஓட்டமாக வீட்டுக்கு வந்தது அந்த மாதங்களில்தான்.

ஓட்டமாக வருவான், படியேறுவான், கதவுக்கு வெளியே நிற்பான். மீட்டர் பெட்டியில் நெற்றியை வைப்பான். முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு மணி அடிப்பான். ஒரு சாயங்காலம் அப்படி நின்றுவிட்டுத் திரும்பியபோது கீழ்ப்படியில் மகள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப வந்தே?"

"இப்பதான். நீங்க முடிங்கப்பா. அடுத்து நான்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு உள்ளே கேட்டு, "யாரு அங்க, வாசல்ல சந்தோஷமா இருக்கிறது? உள்ள வாங்க" என்று பிரேக்கம்மா குரல் கொடுத்தாள்.

பெரியம்மாவுக்குத்தான் இந்தச் சட்டம் சரிப்படவில்லை. அவள் ஒப்பாரியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடக்கிறவள். முதல் தடவை உள்ளே வந்து, "என் தங்கமே, உனக்கா இந்தக் கதி" என்று தொடங்கியதும் போர்வைக்கு அடியில் பிரேக்கம்மாவின் வலது கால் அழுந்தியது. அவன் பார்த்தான். போர்வையின் நுனி ஒரு விரல் அளவுக்கு இறங்கி நின்றது.

"அக்கா, வெளியே" என்றாள் பிரேக்கம்மா.

"என்னடி, கூடப் பிறந்தவளை வெளியே போங்கிறே?"

"உன்னை இல்லை. அதை. வெச்சுட்டு வா."

அதற்குப் பிறகு பெரியம்மா படியிலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்தி முடித்துவிட்டு, கடைப் பலகைபோல ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். கீழ் வீட்டுக்காரர்கள் பழகிவிட்டார்கள். "மேலே பெரியம்மா வந்தாச்சு போல" என்று டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அன்றைய வேலை, மகளுக்கு டிரைவிங். அம்மா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், மகள் மட்டும் பயந்துகொண்டு வண்டி பக்கமே போகாதவள். இப்போது வண்டிக்கு இறங்கிப் போக அம்மாவால் முடியாது. அதனால் வண்டி வீட்டுக்குள் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி, கையில் ஸ்டியரிங்காகப் பெரிய பாத்திரத்தின் மூடி, காலடியில் பெடல்களாக மூன்று செருப்புகள். பின்னால் இன்னொரு நாற்காலியில் பயணியாகப் பெரியம்மா.

"கிளட்சை மெதுவா விடு. மெதுவான்னா, தூங்கற குழந்தைகிட்ட இருந்து கையை எடுக்கிற மாதிரி."

"விட்டுட்டேன்ம்மா."

"விட்டுட்டே. வண்டி குதிச்சுது. பெரியம்மாவுக்கு மண்டையில அடி."

"இவ பிறந்ததில இருந்து நான் இவகிட்ட அடி வாங்கிட்டுதான் இருக்கேன்" என்றாள் பெரியம்மா. "டிரைவர், ஏசியைப் போடும்மா."

"இடது பக்கம் திரும்பறோம். எதைப் பார்க்கணும்?"

"கண்ணாடி."

"அங்க கண்ணாடியா இருக்கு? அப்பா நிக்கறார். பரவாயில்லை, அவரைப் பாரு. எப்படி இருக்கார்?"

மகள் திரும்பிப் பார்த்தாள். "வழியை மறைச்சுட்டு இருக்கார்."

எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸும் சிரித்தாள், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு. பிரேக்கம்மா சிரித்து இருமி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரமாகி, கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "நல்லா ஓட்டினே. ஒரு தடவைதான் நான் பிரேக் போட்டேன்."

நர்ஸ் கிளம்பும்போது அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான். நர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"சார், இனிமே ரொம்ப நாள் இல்லை. ஏதாவது பேசறதா இருந்தா பேசிடுங்க."

"பேசிட்டுதானே இருக்கோம். நாள் பூரா பேச்சுதான்."

நர்ஸ் அவனைப் பார்த்தாள். "சரி சார்" என்று இறங்கிப் போனாள்.

அவன் அன்று மீட்டர் பெட்டி பக்கம் போகவில்லை. போனால் திரும்பி வர முடியாது என்று தோன்றியது. உள்ளே வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"இந்தப் படி ஏறினா மூச்சு வாங்குதாம். ஒரு லிஃப்ட் போடக் கூடாதான்னு கேக்கறாங்க."

"நல்ல ஆளைத்தான் கேட்டாங்க" என்றாள்.

சாயங்காலம் மகள் மருந்து வாங்கப் போனாள். பெரியம்மா உள்ளறையில் அசந்து தூங்கினாள். ஜன்னலில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தான். வீங்கியிருந்தது.

"என்னங்க."

"சொல்லு."

"என்னைக் கொஞ்சம் வெளியே கூட்டிட்டுப் போறீங்களா?"

"மொட்டை மாடிக்கா? காத்து ஜாஸ்தியா இருக்கே."

"மாடிக்கு இல்லை. வாசலுக்கு. கதவுக்கு வெளியே."

அவனுக்குப் புரிந்தது. புரியவில்லை என்று பின்னால் எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான், நிற்கவில்லை. அந்த வீட்டில் கதவுக்கு வெளியே எதற்குப் போவார்கள் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? இத்தனை மாதத்தில் அவள் மட்டும்தான் ஒரு நாளும் அங்கே போய் நிற்கவில்லை. அங்கே இறக்கி வைக்க வேண்டியது அவளிடம்தான் அதிகம் இருந்தது.

அவளைத் தூக்குவது கஷ்டமே இல்லை. உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. கதவுக்குப் பத்தடிகூட இருக்காது. ஆனால் அங்கே போய், அந்தப் படியில் உட்காரவைத்து, அவள் வாயைத் திறந்தால் என்ன வரும்? பயமாக இருக்கிறது என்பாள். போக மனசில்லை என்பாள். அதைக் கேட்டுவிட்டு அவளை மறுபடி உள்ளே தூக்கி வர அவனுக்குத் தெம்பு இல்லை. அவளுடைய தைரியத்தில் தொற்றிக்கொண்டுதான் அவன் நின்றுகொண்டிருந்தான். அது ஆடினால் அவனும் விழுவான்.

சிரித்தான். பழகிய சிரிப்பு, தானாக வந்தது.

"வெளியே உங்க அக்கா அழுததெல்லாம் கெடக்கு. வழுக்கி விழுந்தா ரெண்டு பேருக்கும் கட்டுப் போடணும். நாளைக்குப் போலாம்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை காதில் விழுந்தது. நாளைக்கு. அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லாத வார்த்தை. அவள் திருத்துவாள் என்று காத்திருந்தான். போர்வையைப் பார்த்தான். கால் அசையவில்லை. அவன் கைக்குள்தான் இருந்தது, அழுந்தவே இல்லை. இந்தத் தடவை பிரேக் போட்டது அவன்.

"சரி" என்றாள். அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "சிவப்பு வண்டி பாஸ்."

மறுநாள் காலை அவள், இன்னிக்கு என்ன பண்ணலாம் என்று கேட்கவில்லை. கண் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. வெளியே தூக்கிக்கொண்டு போனபோது கதவைத் தாண்டும் இடத்தில் அவன் ஒரு நொடி நின்றான். பின்னால் வந்தவர்கள் அவன் தடுமாறுகிறான் என்று நினைத்துத் தோளைப் பிடித்தார்கள்.

சட்டம் போட்டவள் போய்விட்டாள், சட்டம் போகவில்லை. பெரியம்மா கொஞ்ச நாள் தங்கினாள். அழுகை வந்தால் எழுந்து வெளியே போய்விட்டு வந்தாள். மகள் வேலையிலிருந்து வந்தால் மணி அடிப்பதற்குள் வெளியே சிறிது நேரம் காலடிச் சத்தம் நின்றிருக்கும். சாப்பிடும்போது அன்றைய நல்லதைச் சொல்வாள். ஒரு கிழவி புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு தன் புருஷனைப் பார்த்து, "இவ்வளவு வயசாச்சா உங்களுக்கு" என்று கேட்டாளாம். அவன் சிரித்தான். அவனும் எதையாவது சொல்வான். வீடு பளிச்சென்று இருந்தது. மஞ்சள் அலமாரி, துடைத்த முகங்கள். அவள் சொன்னபடி நடப்பதுதான் அவளுக்குச் செய்யும் மரியாதை என்று மூன்று பேரும் நினைத்தார்கள். யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

பெரியம்மா ஊருக்குக் கிளம்பியபோது படியில் நின்று அவனிடம் கேட்டாள்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கறேன். அவ ஒரு தடவையாவது அழுதாளா? உங்ககிட்டயாவது?"

"இல்லைக்கா."

"என்கிட்டயும் இல்லை. கல் நெஞ்சுக்காரி" என்று சொல்லிவிட்டு, அந்த வார்த்தையைத் தாங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான்.

மகளுக்கு டிரைவிங் டெஸ்ட் அன்று அவன் லீவு போட்டிருந்தான். கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஜன்னலோரக் கட்டில் அப்படியே இருந்தது. அதில் அவன் உட்காரமாட்டான். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, பாத்திர மூடியைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தான்.

படியேறும் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே நின்றது. மணி அடிக்கவில்லை.

அவன் காத்திருந்தான். அவளுக்கு வேண்டிய நேரத்தை விட்டுக்கொடுப்பதுதானே வழக்கம். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழும் சத்தம். மீட்டர் பெட்டியின் தகரம் லேசாக அதிர்ந்தது. தன் நெற்றி படும் அதே இடத்தில் அவள் நெற்றியும் படுகிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

எழுந்து கதவைத் திறந்தான்.

மகள் சட்டென்று முகத்தைத் துடைத்தாள். சிரிப்பு வந்து உட்கார்ந்தது. பெரியம்மாவின் கடைப் பலகை இல்லை, அது அவனுடைய சிரிப்பு. அச்சு அசலாக.

"பாஸ் ஆயிட்டேன்ப்பா."

"ம்."

"முதல் தடவையிலேயே. கிளட்ச் குதிக்கவே இல்லை. ஆனா பக்கத்துல உக்காந்திருந்த ஆளோட காலையே பார்த்துட்டு இருந்தேன். அவர் அழுத்தவே இல்லைப்பா. ஒரு தடவைகூட." சிரிப்பு ஓரத்தில் கழன்றது. அவள் மறுபடி மீட்டர் பெட்டி பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க உள்ள போங்க. ஒரு நிமிஷம். முடிச்சுட்டு வந்துடறேன்."

"முடிக்க வேண்டாம். அப்படியே வா."

"உள்ளயா?"

"உள்ளதான்."

"அம்மா…"

"அம்மாவும் அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இங்க வரணும்னு கேட்டா. நான் தூக்கிட்டு வரலை." கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "வா. உள்ள உக்காந்து சொல்றேன்."

மகள் அவனைப் பார்த்தாள். முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள், துடைக்காமல் கீழே போட்டாள். செருப்பை மட்டும் வெளியே விட்டுவிட்டு, அழுதுகொண்டே உள்ளே வந்தாள். அவன் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினான்.