வெள்ளிக்கிழமைப் பொட்டு

காப்பகத்து ரெஜினோல்ட் பஞ்சை நனைத்துப் பிழிந்தபோது ஜெயம்மா மேசைக்கு மறுபக்கம் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு, "பரவால்லங்க ஐயா" என்றிருந்தாள். மகள் துஷ்யந்தி மட்டும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மேசைமேல் கிடந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தில், ஸ்டோர் என்று எல்லோரும் சொல்லும் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு முன்னால் அவளுடைய அப்பா கிருஷ்ணராஜ் நிற்கிறார். அவள் பிறப்பதற்கு முன்பே மாணிக்கக் குழி சரிந்து இறந்தவர். அவருக்கென்று இருந்தது இந்த ஒரு படம்தான். லயத்து வீட்டுக் கூரைமேல் மரக்கிளை விழுந்து, படத்தின் கண்ணாடி உடைந்த பிறகும் ஜெயம்மா வெள்ளிதோறும் பொட்டு வைப்பதை விடவில்லை. சந்தனமும் குங்குமமும் நேரே படத்தின் மேலேயே. நெற்றியில் வைத்தது மழைக்கால ஈரத்தில் பரவி, கண்களுக்கு இறங்கி, கடைசியில் கழுத்துக்கு மேல் சிவப்பாகக் காய்ந்த ஒரு அடை மட்டும் இருந்தது. துஷ்யந்தி அந்த அடையைக் கும்பிட்டு வளர்ந்தவள்.

அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையோடு அப்பா படத்தின் முன் விழுந்து கும்பிட்ட பிறகுதான் கோயிலுக்குப் போக வேண்டும். இரத்தினபுரியில் தோட்டத்துப் பழைய படங்களைச் சேர்த்து வைக்கும் காப்பகம் இருக்கிறது, படத்தைக் கொடுத்தால் சுத்தம் செய்து, பெரிதாக்கிய பிரதி தருவார்கள் என்று கேள்விப்பட்டு, அவள்தான் அம்மாவை பஸ் ஏற்றினாள்.

"அப்பா யாரு மாதிரிம்மா இருப்பாரு?"

"ஒன்ன மாதிரிதான். மூக்கு மட்டும் நல்லா இருக்கும்."

ரெஜினோல்ட் சிரித்தார். "இந்தா, இப்ப பாத்துருவோம்."

பஞ்சு சிவந்தது. வேறு பஞ்சு எடுத்தார். அதுவும் சிவந்தது. அடுத்தது சாம்பல் நிறமாக வந்ததும் கையை நிறுத்தினார்.

கழுத்துக்கு மேலே வெறும் தாள் இருந்தது.

"சந்தனத்தோட ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. படத்து மேலயே வச்சிருக்கக் கூடாதுங்கம்மா."

ஜெயம்மா தன் மோதிர விரலைப் பார்த்தாள். ரெஜினோல்ட் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். குரல் தெளிந்துவிட்டது.

"ஆனா ஸ்டோர் அப்பிடியே இருக்கு. அது எரியிறதுக்கு முந்தி எடுத்த படம் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. எங்களுக்கு இது போதும். சொன்ன மாதிரி பெரிசாக்கி ஃபிரேம் போட்டுத் தாரேன் தங்கச்சி."

திரும்பும் பஸ் ஓப்பநாயக்க ஊரைத் தாண்டியதும் துஷ்யந்தி அம்மா பக்கம் திரும்பினாள்.

"வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம நீயே அழிச்சிருக்க."

"எனக்கு மொகம் ஞாபகம் இருக்கு."

"அப்ப சொல்லு."

ஜெயம்மா வாயைத் திறந்தாள். கண்ணுக்குள் வந்தது சிவப்பு அடைதான்.

கல்யாணத்தன்று படம் சுவரில் பெரிதாகத் தொங்கியது. ஸ்டோரின் ஜன்னல்களை எண்ணிவிடலாம். வந்தவர்கள் சுற்றி நின்று, "அந்தா மேல்மாடி, அங்கதான் நான் கொழுந்து வாட்டுனேன்" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். பிறகு வழிவிட்டார்கள். மணமக்கள் படத்தின் முன் நின்றார்கள்.

ஜெயம்மா விரலில் சந்தனம் தொட்டாள். இப்போது கண்ணாடி இருந்தது. விரல் சட்டைக் காலர்வரை போய், அதற்கு மேலிருந்த வெள்ளையில் அங்கும் இங்கும் அலைந்தது.

"வைங்க மாமி, நேரமாகுது" என்றான் மாப்பிள்ளை.

சந்தனம் விரலிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது.