மணலுக்குள் முழித்த கண்கள்

குழம்புக்கு வாங்கிய அயிரைகள் பாத்திரத்தில் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் உடம்பெல்லாம் கறுப்பு வரி. ஹேமாவதிக்குத் தலைகால் புரியவில்லை. அதன் மீசையை எண்ணினாள், செல்போனில் உள்ள படங்களோடு ஒப்பிட்டாள். எதனோடும் ஒத்துப்போகவில்லை; புது இனமேதான். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நாளெல்லாம் போல்ட்டில் கீறல் தேடுகிற கண்ணாயிற்றே, தப்புமா? மீனைத் தன் கண்ணாடித் தொட்டியில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தால் தொட்டி காலி. அடுப்பில் குழம்பு கொதித்தது. பக்கத்தில் கரண்டியோடு கணவன் சபரிநாதன்.

“யோவ், என் மீனையும் அள்ளிப் போட்டுட்டியா? அவ்ளோ நீளமாய்யா உன் நாக்கு?”

“உன் மீன நான் தொடவே இல்லம்மே!”

கரண்டியைப் பிடுங்கிச் சட்டியைத் துழாவினாள். வரிபோட்ட மீன் அகப்படவில்லை. மறுபடி தொட்டிக்கு ஓடினாள். அடியில் கிடந்த மணலிலிருந்து இரண்டு கண்கள் மட்டும் முழித்துக்கொண்டிருந்தன.

“ஐயோ, பொதைஞ்சிக்கினு கீதுய்யா!” என்று கூவினாள்.

பக்கத்திலேயே மணல் அசைந்தது. இன்னும் இரண்டு கண்கள்.

“நான் ஒண்ணுதானே வுட்டேன்?”

சபரிநாதன் குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னான்: “உன் மீன தொடலன்னுதானே சொன்னேன்? அது நான் எடுத்து வுட்ட என் மீனு.”