நாலாவது படுக்கையறை

வின்ஷம் ஊர் அலுவலகத்தில் பதினாறு வருடம் நான் வீட்டுவரி மதிப்பீட்டாளராக இருந்தேன். பெயர்தான் பெரிது. வார நாட்களில் மரக்கடையில் பலகை அறுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் கவுன்டரில் உட்காருவேன். வீடுகளை அளக்கப் போவது சனி, ஞாயிறுகளில். நியூ ஹாம்ஷயரில் சம்பளத்துக்கு வரி இல்லை, கடையில் வாங்கும் பொருளுக்கும் இல்லை. எல்லாம் சேர்ந்து வீட்டின் தலையில் விழும். அதனால் என்னைக் கண்டு சிரிப்பவர்கள் ஊரில் குறைவு.

மேவிஸ் பிரௌட்டி கவுன்டருக்கு வந்தது ஒரு பிப்ரவரியில். அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. கணவர் கார்ல்ட்டன் இறந்துபோய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த வருடம் ஊர் முழுவதையும் மறுமதிப்பீடு செய்திருந்தோம். அவருடைய வரி ஒரே தாவலில் ஏறியிருந்தது. பக்கத்து வீட்டு வெர்னாவின் யோசனைப்படி தன் வீட்டின் மதிப்பீட்டு அட்டையை நகலெடுத்து வாங்கிப் படித்திருக்கிறார். பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் நேராக வந்து அதை என் முன்னால் வைத்தார்.

"ஏம்ப்பா ரோலண்ட், எங்க வீட்டுல நாலு படுக்கையறைன்னு போட்டிருக்கே. எனக்குத் தெரிஞ்சு மூணுதான். நாலாவதை எனக்குத் தெரியாம வாடகைக்கு விட்டிருக்கியா?"

"விட்டிருந்தா நான் ஏன் மரக்கடையில பலகை தூக்கப் போறேன்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இந்த வரி கட்டினா வீட்டைச் சூடாக்க எண்ணெய் வாங்க முடியாது. எண்ணெய் வாங்கினா வரி கட்ட முடியாது. வெர்னா சொல்றா, தப்பு இருந்தா குறைப்பாங்கன்னு."

வெர்னா சொன்னது சரி. வரியைக் குறைக்கக் கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த அட்டையைத்தான். இல்லாத குளியலறை, என்றோ இடிந்துபோன கொட்டகை, தப்பாக எழுதிய நீள அகலம் என்று எதுவும் அதில் இருக்கும். யாரும் படிப்பதில்லை. நான் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். 1968-ல் எனக்கு முன்னால் இருந்தவர் கையால் வரைந்த படம். மாடியில் வடகிழக்கு மூலையில் ஒரு கட்டம். பத்தடிக்குப் பன்னிரண்டு. 'படுக்கையறை' என்று பென்சிலில் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு வந்த நாங்கள் எல்லோரும் அந்த எண்ணிக்கையை அப்படியே நகலெடுத்துக்கொண்டே வந்திருக்கிறோம். நானும்தான்.

"மார்ச் ஒண்ணுக்குள்ள மனு குடுக்கணும். ஞாயித்துக்கிழமை வந்து அளந்துடறேன்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமையா?" அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "காலையில வரமுடியுமா? மூணு மணிக்கு முன்னாடி முடிச்சுடலாமா?"

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் அன்றைக்குப் பனி விழுந்து சாலையை அடைத்துவிட்டது. நான் போய்ச் சேர இரண்டு மணி தாண்டிவிட்டது.

முதலில் வெளியே அளந்தேன். வடக்குச் சுவரில் நாடாவைப் பிடித்து நடந்தால் முப்பத்து நான்கடி. பிறகு மாடிக்குப் போனேன். அவருடைய படுக்கையறை, தாழ்வாரம், துணி வைக்கும் அறை, சுவர்களின் கனம் எல்லாம் கூட்டினால் இருபத்து நாலடியைத் தாண்டவில்லை. இரண்டாம் தடவை அளந்தேன். அதேதான். பத்தடி வீட்டைக் காணவில்லை.

வெளியே இறங்கிப் போய் நிமிர்ந்து பார்த்தேன். வடகிழக்கு மூலையில் ஒரு சதுரத்துக்கு மட்டும் பலகைகளின் பெயின்ட் வேறு மாதிரி இருந்தது. ஒரு காலத்தில் அங்கே ஜன்னல் இருந்திருக்கிறது.

திரும்ப மாடிக்கு வந்தபோது மேவிஸ் படுக்கையில் உட்கார்ந்து ரேடியோவை உரக்க வைத்திருந்தார். ஏதோ பண்ணைச் செய்தி. கையில் மடிக்காத துவாலை.

"மேவிஸ், இந்தச் சுவருக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. புகைபோக்கி."

"புகைபோக்கி அந்தப் பக்கம்."

அவர் பதில் சொல்வதற்குள் அது கேட்டது. ரேடியோவையும் மீறிக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், கனமான ஒரு ஆள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தால் மரம் முனகுமே, அந்தச் சத்தம். பிறகு ஒரு கால் தரையில் இழுபடுவது. என் கையிலிருந்த நாடா தானாகச் சுருண்டு ஓடியது.

"எலி" என்றார் மேவிஸ்.

"எலிக்கு அவ்வளவு எடை கிடையாதும்மா."

அவர் ரேடியோவை அணைத்தார். என்னையே பார்த்தார். "உனக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்பாடி" என்று துவாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "பதினாலு மாசமா எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா முதியோர் விடுதியில கொண்டுபோய்ச் சேத்துடுவாங்க."

கீழே சமையலறையில் காப்பி போட்டுக் கொடுத்தபடி சொன்னார். கார்ல்ட்டனுக்கு அவர் இரண்டாவது மனைவி. முதல் கல்யாணத்தில் ட்ரூடி என்று ஒரு பெண் இருந்தது. ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டது. ஒரு வருடத்துக்குள் அந்த மனைவியும் மெய்ன் மாநிலத்துக்குப் போய்விட்டாள். "இவ்வளவுதான் அவர் எங்கிட்ட சொன்னது. அதுவும் கல்யாணத்துக்கு முன்னாடி, கார்ல வச்சு, ரோட்டைப் பாத்துக்கிட்டே. அந்தப் பொண்ணு எங்க படுத்துச்சுன்னு நான் கேட்டதே இல்ல. கேக்கத் தோணல பாரு." ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய் வந்து சாப்பிட்ட பிறகு அவர் பரணுக்கு ஏறுவாராம். புகைபோக்கியைப் பார்க்க. மூன்றிலிருந்து நாலு மணி வரை. முப்பத்தொரு வருடமும் அப்படித்தான்.

"எந்தப் புகைபோக்கிக்கு அவ்வளவு பார்வை வேணும்?" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

நான் என் வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளதை அவரிடம் சொன்னேன். வாசல் இல்லாத இடத்தை அறை என்று எழுத முடியாது. ஆகவே அந்த நூற்றிருபது சதுர அடியையும் படுக்கையறையையும் அடித்துவிடலாம். வருடத்துக்குச் சுமார் எழுநூறு டாலர் குறையும். ஆனால் சுவரைத் திறந்தால் அது மறுபடி அறைதான். நான் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

"அப்ப மூடியே இருந்தா எனக்கு லாபம்."

"வரியில மட்டும் லாபம்."

அவர் காப்பியைக் கிளறிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது. "மனுவை இங்கயே வச்சிட்டுப் போ" என்றார்.

அடுத்த ஞாயிறு காலையில் போன் வந்தது. "ரோலண்ட், பரண்ல பழைய பெட்டிக்கு அடியில ஒரு கதவு மாதிரி இருக்கு. என்னால பெட்டியைத் தள்ள முடிஞ்சது. தனியா எட்டிப் பாக்க முடியல. வர்றியா?"

மத்தியானத்துக்கு மேல் போனேன். பரணின் தரையில் பலகையோடு பலகையாக ஒரு மூடி. தூக்கியதும் கீழே ஆணியடித்த ஏணி. டார்ச்சைப் பற்களில் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

பூட்டிக் கிடந்த அறையின் நாற்றம் இல்லை. முதலில் கவனித்தது அதைத்தான். தரை பெருக்கியிருந்தது. சுவரோரம் சின்னக் கட்டில், மேலே கம்பளி விரிப்பு, மடிப்புக் கலையாமல். ஜன்னல் இருந்த இடத்தில் பலகை. கட்டிலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி, கோரை பின்னிய இருக்கை. அதன் முன்னால் தரைப் பெயின்ட் இரண்டு இடத்தில் மரம் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இரண்டு பாதங்கள் வைக்கும் இடம். பக்கத்தில் தேவாலயத்தின் ஞாயிறு அச்சுத்தாள்கள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேலே இருந்த தாளின் தேதி, கார்ல்ட்டன் இறப்பதற்கு ஆறு நாள் முன்னால்.

"என்ன இருக்கு?" மேலேயிருந்து மேவிஸின் குரல்.

மறைக்க என்ன இருக்கிறது? சொன்னேன். அவர் ஏணியில் கால் வைத்தார். நான் வேண்டாம் என்றேன். "வழியை விடு" என்றார்.

இறங்கி நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேய்ந்த தரையைக் குனிந்து விரலால் தடவினார். பிறகு வந்தது கோபம். அந்த மனுஷி குரலை உயர்த்தி நான் கேட்டதே அன்றுதான்.

"முப்பத்தொரு வருஷம்! இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் நான் துணி மடிச்சிட்டிருந்தேன். செத்துப்போன பிள்ளையைப் பாக்க எதுக்கு எங்கிட்ட ஒளியணும்? நான் வையவா போறேன்? பேய் மாதிரி பரண் வழியா இறங்கி..." அவருக்கு மூச்சு வாங்கியது. "எருமை மாடு. கல்லுளிமங்கன்."

நான் ஏணியைப் பிடித்தபடி நின்றேன். டார்ச் வெளிச்சம் மூலையில் விழுந்தது. அங்கே இன்னொரு நாற்காலி இருந்தது, கார்ல்ட்டனுடையதற்கு ஓரடி தள்ளி, அதுவும் கட்டிலைப் பார்த்தபடி. மேவிஸ் அதைக் கண்டு நின்றுவிட்டார்.

"இது எங்க சமையலறை நாற்காலி" என்றார். "கல்யாணமான வருஷம் ஆறு வாங்கினோம். ஒண்ணு கால் ஒடிஞ்சிடுச்சு, அடுப்புல போட்டுட்டேன்னு சொன்னார்."

கால் ஒடியவில்லை. இருக்கையில் ஒருவர் உட்கார்ந்த தடமும் இல்லை. அதன் முன்னால் தரைப் பெயின்ட் பூசிய அன்றைக்கு இருந்தது போலப் பளபளத்தது. முப்பத்தொரு வருடமாக அந்த மனிதர் மேவிஸைக் கூட்டி வர நினைத்து, ஒவ்வொரு ஞாயிறும் தனியாகவே இறங்கியிருக்கிறார். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மேவிஸும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்று அவர் தோள் தளர்ந்ததில் தெரிந்தது.

கீழே கூடத்துக் கடிகாரம் மூன்று அடித்தது.

நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். அளப்பது என் தொழில், கூட்டிச் சொல்லும் பழக்கம் இல்லை. எங்கள் இருவர் கண்ணெதிரே கார்ல்ட்டனின் நாற்காலி முனகியது. கோரை இருக்கை அரை அங்குலம் தாழ்ந்து அப்படியே நின்றது. அறை குளிரவில்லை, டார்ச் அணையவில்லை. வேலை முடித்து வந்த ஒரு ஆள் உட்கார்ந்தது போல, அவ்வளவுதான். என்னை அறியாமல் ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டேன்.

மேவிஸ் ஏணிப் பக்கம் திரும்பவில்லை. சமையலறை நாற்காலியை இழுத்துச் சரிசெய்து, பாவாடையை ஒதுக்கி, அதில் உட்கார்ந்தார்.

"சரி, வந்துட்டேன்" என்றார், கட்டிலைப் பார்த்தபடி. "இப்ப சொல்லு. அவளுக்கு என்ன பிடிக்கும்?"

நான் மேலே ஏறிப் பரணில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிவரை அவர் குரல் மட்டும் கேட்டது. இடையிடையே அவர் நிறுத்தியது, எதையோ கேட்பதற்கு நிறுத்துவது போல இருந்தது.

மனுவை அவர் திருப்பிக் கொடுத்தார், கையெழுத்துப் போடாமல். மரக்கடையிலிருந்து நானே கதவும் நிலையும் கொண்டுபோய் அவருடைய படுக்கையறைச் சுவரில் வைத்துக் கொடுத்தேன். கதவு வைத்த கையாலேயே நாலாவது படுக்கையறையை அட்டையில் உறுதிசெய்து எழுதினேன். என் மனைவி இதைக் கேட்டு, "உன்னை மாதிரி ஒரு படுபாவி உண்டா?" என்றாள்.

ஆனால் வரியைக் குறைக்க வழி ஒன்றுதான் என்று யார் சொன்னது? அட்டையை முதல் வரியிலிருந்து படித்தேன். அந்த அறைக்குச் சூடேற்றும் குழாய் இல்லை, அதற்காக மதிப்பில் ஒரு கழிவு. வெர்னாவின் வீடும் அதே அளவு, அதே வயசு. ஆனால் மதிப்பு குறைவாக இருந்தது. அவளுடையதை ஏற்றக் கூடாது, மேவிஸுடையதை அந்த அளவுக்கு இறக்கலாம். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. மேவிஸ் கேட்டதே இல்லை.

"கார்ல்ட்டன் பட்டாளத்துல இருந்தாரா?"

"கொரியாவுல ரெண்டு வருஷம். அதைப் பத்தியும் வாய் திறக்க மாட்டார்."

"விடுவிப்புச் சான்றிதழ் வேணும். விதவைக்கும் சலுகை உண்டு."

அவர் இரண்டு நாள் தேடினார். வீட்டில் எங்கும் இல்லை. கடைசியில் அந்த அறையில், கட்டிலின் மெத்தைக்கு அடியில், ஒரு சிறுமியின் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையோடு சேர்த்து மடித்து வைத்திருந்தது. எல்லாம் சேர்ந்து, அறையை மூடி வைத்திருந்தால் குறைந்திருக்கும் தொகையைவிட அதிகமாகவே குறைந்தது.

மார்ச் முழுக்க ஞாயிறு தவறாமல் மூன்று மணிக்கு அந்தச் சத்தம் வந்ததாக மேவிஸ் சொல்வார். நலம் விசாரித்தால் பதில் சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்வார். முகத்தில் நிறம் வந்திருந்தது. ட்ரூடிக்கு வேர்க்கடலை பிடிக்காது என்று ஒரு நாள் சொன்னார். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசிச் செவ்வாய். நாய்களுக்கு உரிமம் வாங்கக் கடைசி வாரம், கவுன்டரில் கூட்டம். மேவிஸ் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார்.

"இந்த வாரம் அவர் வரல" என்றார்.

"அடுத்த வாரம்..."

"இல்ல ரோலண்ட். போயிட்டார்."

பதினாறு மாதத்தில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. அடக்கம் செய்த அன்றும் இல்லை. அன்று அந்தக் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதார். நான் சுற்றி வந்து பக்கத்தில் நின்றேன். பின்னால் வரிசையில் நின்ற பெரிய தாடிக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, தன் நாயை இழுத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். மற்றவர்களும் பின்வாங்கினார்கள். அவசரப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை.