மூன்று நட்சத்திரக் கொடி

அம்மாவின் உடலைக் கொண்டுவந்த வண்டி வாசலில் நிற்பதற்குள் அப்பா குதித்திறங்கி மாடிக்குப் போய்விட்டார். தூக்க ஆள் போதவில்லை. மகளே கால்மாட்டைப் பிடித்தாள். தாய்மாமா தலைமாட்டில் மூச்சு வாங்கினார்.

"உங்கப்பா எங்கேம்மா தொலைஞ்சாரு?"

அவள் மேலே பார்த்தாள். பால்கனிக் கம்பத்தில் நீலத்துணி ஏறியது. உச்சிவரை போய், ஒரு கணம் நின்று, பாதிக்கு இறங்கியது.

அப்பா கப்பற்படையில் கொடி ஏற்றியவர். அட்மிரல் கப்பலில் கால் வைத்தால் அவருடைய பதவிக்கொடி ஏறும். அவர் போனால் இறங்கும். ஓய்வு பெற்றும் கை சும்மா இருக்கவில்லை. அம்மா வீட்டில் இருந்தால் கொடி பறக்கும். காய் வாங்கப் போனால்கூட இறங்கிவிடும். கொடியில் முதலில் இரண்டு நட்சத்திரம்; பதவி உயர்ந்தால் ஒன்று கூடும். பேத்தி பிறந்ததும் மூன்றாவதை அம்மாவே தைத்துக்கொண்டாள். "உங்க நேவியில சிபாரிசு வேணும். எனக்கு ஊசி போதும்." கொடி இல்லாத நேரத்தில் கேஸ்காரர் மணி அடிப்பதில்லை. அப்பாவிடம் சில்லறை இருக்காது.

போன வாரம் அம்மா ஆம்புலன்ஸில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோதும் அப்பா மாடியேறிக் கொடியை இறக்கிவிட்டுத்தான் வந்தார். வண்டி காத்துக்கிடந்தது. உயிர் இருக்கும்போதே அம்மா கணக்கை முடித்துவிட்டார் என்று மகள் அவரோடு பேச்சை நிறுத்தினாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் இருவரும் ஆளுக்கொரு ஓரம்.

இப்போது அந்தத் துணியை எடுக்கச் சொல்லி மாமா அவளை மேலே அனுப்பினார். அப்பா கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு எதுக்குப்பா இறக்கினீங்க? அம்மா உயிரோடதானே இருந்தாங்க?"

"இருந்தா. அதனாலதான் இறக்கினேன்." முடிச்சை இழுத்துப் பார்த்தார். "இறக்காம போயிருந்தா, திரும்பி வந்ததும் எதைம்மா ஏத்துறது?"

அவள் கொடியைத் தொடாமல் கீழே வந்தாள்.

மாலையில் அம்மாவை வண்டியில் ஏற்றினார்கள். அப்பா ஏறவில்லை. வாசலில் நின்று, பாதிக்கம்பத்தில் இருந்த கொடியைப் பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்த மகள் மறுபடி திறந்து மேலே போனாள்.

முடிச்சை அவிழ்க்க நேரம் பிடித்தது. துணியைக் கீழே இழுக்கப் போனாள். தெருவிலிருந்து அப்பா வேண்டாம் என்று தலையசைத்து, விரலை மேலே காட்டினார்.

அவள் கயிற்றை மாற்றிப் பிடித்தாள். துணி மெதுவாக ஏறி உச்சியைத் தொட்டது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார்.