பதினோரு அசை

அனெஸ்திஸ் ஆராய்ந்த கல்லில் காணாமல் போன பதினோரு சுரங்களையும், ஒரு குவளை ஃபிராப்பே காபியின் நுரை அடங்குவதற்குள் எழுதிவிடக்கூடியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். இதை எங்கள் இசைத்துறை மாணவர் பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தேன். ஆசிரியரும் நானே என்பதால் மறுப்புக் கடிதம் எதுவும் வெளியாகவில்லை.

கல் என்றால் கல்லறைக் கல். ஆயிரத்தெண்ணூறு வருடங்களுக்கு முன் ஒரு தகப்பன் செத்துப்போன தன் மகனுக்காக வெட்டுவித்தது. பாட்டு வரிகளும், ஒவ்வோர் அசையின் தலையிலும் சுரத்தைக் காட்டும் ஒரு சின்ன எழுத்தும் இருக்கும். எப்போதோ ஒரு கலப்பை பட்டு நடுவில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. யாப்பை வைத்துக் கணக்குப் போட்டால், போனது பதினோரு அசை.

அந்தப் பாட்டை மீட்டவன் என் அறைத்தோழன் அனெஸ்திஸ். பழைய ஜாடிச் சித்திரங்களைப் பார்த்து இரட்டைக்குழலைத் தானே கடைந்தான், நாணல் வெட்டிச் சீவாளி செய்தான், கன்னம் பிதுங்காமலிருக்க அந்தக் காலத்தவர்கள் போலவே முகத்தைச் சுற்றித் தோல்வார் கட்டிக்கொண்டான். அவன் ஊத, தங்கை எவாந்தியா பாடுவாள். பெயர்ந்த இடம் வந்ததும் இரண்டு பேரும் நிறுத்திவிடுவார்கள். அவன் கால் மட்டும் பதினோரு முறை தரையைத் தட்டும். பிறகு பாட்டு தொடரும்.

“ஏன்டா நடுவுல மரம் மாதிரி நிக்கிறே? எதையாவது ஊதித் தொலையேன்.”

“அந்த ஆளு அங்க மகன்கிட்ட என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது ஸீஸிஸ். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி ஊத மாட்டேன்.”

மறுவாரம் பத்திரிகையில் எழுதினேன்: ‘சும்மா நின்றதற்குக் கைதட்டல் வாங்கிய முதல் வாத்தியக்காரர் நம் ஊரில் வாழ்கிறார்.’ அனெஸ்திஸ் அதைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தான். தினமும் பால் எடுக்கும்போது படித்துவிட்டுச் சிரிப்பான்.

பிப்ரவரியில் உறைபனிச் சாலையில் அவனுடைய பைக் சறுக்கியது. அந்தத் துண்டு இன்னும் கதவில்தான் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து எவாந்தியா வந்தாள். தோள்பையில் அண்ணனின் குழல் இருந்தது.

“நாற்பதாம் நாள் அன்னைக்கு இந்தப் பாட்டு நடக்கணும். அவனே எங்கிட்ட ஒரு தடவை விளையாட்டாச் சொன்னான், நான் செத்தா இதைத்தான் பாடணும்னு. நான் பாடிடுவேன். ஊத ஆள் இல்லை.”

“நான் கிளாரினெட்காரன்.”

“தெரியும். அவன் இல்லாதப்போ இதைத் திருட்டுத்தனமா ஊதிப் பாப்பேன்னும் தெரியும். சீவாளியில உன் சிகரெட் நாத்தம் அடிக்குதுன்னு திட்டுவான்.” குழலை எடுத்து என் மேசையில் வைத்தாள். “ஆனா ஒண்ணு. அந்தப் பதினோரு இடத்துல நீ கைவரிசை காட்டினே, சத்தியமா எல்லார் முன்னாடியும் குழலைப் பிடுங்கிடுவேன்.”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லாமல், இல்லை என்றும் இல்லாமல்.

மூன்று வாரம் ஊதியதில் உதடு வீங்கியது. அந்தப் பதினோரு சுரங்களையும் எழுதினேன். இந்தத் தடவை கிண்டலில்லை. நுரை அடங்குவதற்குள்ளும் இல்லை. பதினாறு நாள் ஆனது. நன்றாக வந்திருந்தது. அவனுக்கு நான் வேறு எதைக் கொடுக்க? எவாந்தியா கேட்டால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். நாற்பதாம் நாள் காலையில் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

எங்கள் சபை வழக்கப்படி கோயிலுக்குள் வாத்தியம் கூடாது. பூசை முடிந்து வெளியே வந்த பாதிரியார் என் கையிலிருந்ததைப் பார்த்தார்.

“என்னப்பா இது, அந்தக் காலத்துல சிலையைக் கும்பிட்டவங்க ஊதினதா?”

“ஆமா சாமி.”

“முற்றத்துக்குப் போய் ஊது. எனக்கு இடது காது கேக்காது. அந்தக் காதை உன் பக்கம் திருப்பிக்கிறேன்.”

முற்றத்தில் அனெஸ்திஸின் அம்மா மரப்பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பாத்திரத்தை வைத்து, அவித்த கோதுமையும் மாதுளை முத்தும் கலந்ததை ஒவ்வொருவர் கையிலும் அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். என் முறை வந்தபோது ஒரு கரண்டி அதிகமாக வைத்தாள்.

“நல்லா சாப்பிடுடா. அவன் உன்னைப் பத்தித்தான் சிரிச்சிட்டே இருப்பான்.”

சாப்பிட்டு முடித்துத் தோல்வாரை முகத்தில் கட்டினேன். அவன் வியர்வையில் கறுத்திருந்த தோல். எவாந்தியா பாடத் தொடங்கினாள்.

‘நில், வழிப்போக்கா. இந்தக் கல்லுக்குக் கீழே ஒரு குரல் இருக்கிறது. மகனே, நீ விட்ட இடத்திலிருந்து—’

பெயர்ந்த இடம். அவள் வாயை மூடினாள். என் விரல்கள் முதல் சுரத்தின் துளைகள்மேல் தயாராக இருந்தன. வாயில் காற்று நிறைந்திருந்தது.

அப்போது டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

அம்மா தலையைக் குனிந்தபடியே பாத்திரத்தின் விளிம்பைக் கரண்டியால் தட்டினாள். அவளுக்குச் சுரமும் தெரியாது, யாப்பும் தெரியாது. விடுமுறையெல்லாம் பக்கத்து அறையில் மகன் தட்டியதைச் சுவர் வழியாகக் கேட்டவள். இரண்டு. மூன்று.

நான் விரல்களைத் துளைகளிலிருந்து எடுத்தேன். நான்காவதிலிருந்து என் காலும் சேர்ந்து தரையைத் தட்டியது.

பதினொன்று முடிந்ததும் எவாந்தியா பாடினாள். நான் ஊதினேன்.